அனுப்பலாமா, இருக்கட்டுமா

வாய் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போயிற்று. மங்கையர்க்கரசியின் மனசு மட்டும் முதல் வரியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. 'கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது' என்று ஆரம்பிக்கிறது கதை. இந்த மழை எப்போது வந்தது? போன தடவை வாசித்தபோது தூறலாக இருந்தது. அதற்கு முந்தைய தடவை வெறும் மேகமூட்டம். முதன்முதலாக ஏகாம்பரம் இந்தக் கதையைக் கொண்டுவந்த அன்றைக்கு மழையாவது ஒன்றாவது, கத்திரி வெயில், தார் ரோடு இளகி டயரில் ஒட்டிக்கொண்டு சரசரவென்று சத்தம் போட்டது என்றல்லவா எழுதியிருந்தார். அந்தச் சரசரப்பு அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. மழை கரீம் பாயுடைய மழை. "துக்கக் கதைன்னா கொஞ்சம் ஈரம் வேணும் ஏகாம்பரம், இப்படி வறட்டு வெயிலா அடிச்சா வாசகன் எப்படி உள்ள வருவான்?" என்று அவர்தான் சொன்னார். சொன்னவர் இப்போது எதிரே கண்ணாடி அலமாரியில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, தன்னுடைய மழையில் தானே நனைந்தபடி சுகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாவி மனுஷன், தலையாட்டுவது எதற்கென்று அவருக்கே தெரியாது. நல்லா இருக்கு என்று நினைக்கிறார். நாம் சொன்னது நமக்கு நல்லா இல்லாமல் இருக்குமா? அவள் பக்கத்தைத் திருப்பினாள். குரல் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் மற்றவர் கதையை வாசித்து வாசித்து வாய்க்குப் பழகிவிட்டது, அதற்குக் காவல் வேண்டியதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கரீம் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேர் உள்ளே உட்காருவார்கள், மாதம் ஒரு தடவை. மூன்று பக்கமும் கண்ணில்லாத கண்ணாடிகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும், நாலாவது பக்கம் பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடிகிற அட்டை. கதை எழுதியவர் அந்த அட்டைக்கு எதிரே இருக்கிற உயரமான நாற்காலியில், கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கதையை வேறொருவர் வாசிப்பார். எழுதினவனே வாசித்தால் குரலில் மயக்கிவிடுவான் என்பது கரீம் பாயின் கட்சி. ஒரு காலத்தில் இதே கூட்டத்தில் எழுதினவர்களெல்லாம் பேசிப் பேசியே தங்கள் கதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்க புரிஞ்சுக்கலை, அதுல ஒரு உள்ளர்த்தம் இருக்கு, அப்படி இப்படி என்று சண்டை மூண்டு, ஒருவர் கோபித்துக்கொண்டு வராமலே நின்றுபோனார். அதற்கப்புறம்தான் இந்தச் சட்டம். பத்திரிகையில் அச்சாகிவிட்டால் வாசகன் வீட்டுக்கெல்லாம் போய் விளக்கம் சொல்வாயா, ஆகவே இங்கேயும் மூச்சு விடாதே. வாசித்து முடிந்ததும் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லி, கடைசியில் ஒரே ஒரு வார்த்தை. அனுப்பலாம், அல்லது இருக்கட்டும். ஒருவர் இருக்கட்டும் என்றாலும் கதை வீட்டுக்குப் போய்விடும். யாரும் மீறியதில்லை. ஏகாம்பரமோ மீறுகிற ஆளே இல்லை. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்க்கிற வேலை, நாய் குரைத்தால்கூட மன்னிச்சுக்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர். நாற்காலியில் காலைச் சேர்த்து வைத்து, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அவரைப் பார்க்காமல் வாசிப்பது நல்லது என்று அவள் தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போன் செய்திருந்தார். சிறப்பிதழ் போடுகிறார்கள், ஒரு கதைக்கு இடம் இருக்கிறது, உங்க கூட்டத்துல பக்குவமா ஒண்ணு இருந்தா அனுப்புங்கம்மா, நீங்க சொன்னா நான் மறுபேச்சு இல்லாமப் போட்டுடறேன் என்றார். நீங்க சொன்னா. அவளுக்கு இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது, அதனால் அவள் சொல்லுக்கு ஒரு எடை. அந்த எடையை நினைத்தால் முன்பெல்லாம் கொஞ்சம் பெருமையாக இருக்கும், இன்றைக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. பக்குவம் என்று எதைப் பார்த்துச் சொல்வது? அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இந்தத் தொல்லை இல்லை. இடது பக்கம் வந்த அளவு, வலது பக்கம் இருக்க வேண்டிய அளவு. கூடினால் கூடுதல், குறைந்தால் குறைவு, கீழே ஒரு கையெழுத்து. கதைக்கு வலது பக்கத்தை யார் அச்சடித்துக் கொடுத்தார்கள்? மேலும் இந்தக் கதைக்கு ஒரு அவசரம் இருந்தது. ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனத்துக்குச் சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. கண்ணாடி மாற்ற வந்தவரைக் கரீம் பாய் சோதித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே புதுச்சேரிக்கு அனுப்பினார். லேசர் வைத்தார்கள். வீட்டு வேலை பார்க்கலாம், ஆள் தெரியும், பத்திரிகை எழுத்து மட்டும் வருஷக் கடைசிக்குள் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏகாம்பரமோ இந்தக் கதையை எழுதினதே அந்தம்மா படிக்கத்தான். மேடைக்கோ பரிசுக்கோ இல்லை. "அச்சுல வந்ததும் அவ கையில குடுத்துட்டு நான் அந்தப் பக்கம் போயிடுவேன் அரசிம்மா. வாயால சொல்ல வரல. இருபத்து சொச்சம் வருஷமா வரல." பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ஒரு தடவை இப்படிச் சொன்னார். ஆகவே இன்றைக்கு அனுப்பலாம் என்றால் அந்தம்மா படித்துவிடும். இருக்கட்டும் என்றால் படிக்காமலே போகலாம். இவ்வளவுதான் விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். வாய் இரண்டாம் பக்கத்தின் பாதியில் இருந்தது.

'அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு துளி இறங்கிக்கொண்டிருந்தது.' இது வெண்ணிலா. முத்திரை குத்தின மாதிரி வெண்ணிலா. கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண், படிப்பு அதிகம், நல்ல பெண்தான், ஆனால் கதையில் யாராவது அழுதால் அவளுக்குப் பிடிக்காது. "சொல்லாம விடணும் சார், இடைவெளி வேணும்" என்பாள். அவள் ஒவ்வொரு தடவையும் இடைவெளி கேட்டுக் கேட்டு, ஏகாம்பரம் ஒவ்வொரு தடவையும் வாரி வாரி இறைத்துவிட்டு, நாற்பது பக்கமாக வந்த கதை இன்றைக்கு ஏழு பக்கத்தில் எலும்பெண்ணும்படி நின்றது. அழகான எலும்பு, அதையும் சொல்ல வேண்டும். எங்கேயும் இடறவில்லை. ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்துக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதே கதையை முகம் தெரியாத ஒருவர் எழுதி எங்கேயாவது அவள் படித்திருந்தால், அட பரவாயில்லையே என்று சொல்லியிருப்பாள். சிறப்பிதழில் போட்டால் நாலு பேர் போன் பண்ணுவார்கள். அப்புறம் எதற்கு இந்த உறுத்தல், சாப்பிட்ட மீனில் ஒரு முள் தொண்டைக்குப் போனதா போகவில்லையா என்று தெரியாமல் எச்சில் விழுங்கிப் பார்க்கிற மாதிரி. பொறாமையா? அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள், உள்ளே கையை விட்டுத் துழாவி. இல்லை. ஏகாம்பரத்தின் மேல் பொறாமைப்பட யாராலும் முடியாது. அப்படியென்றால் இது என்ன? 'டிரைவர் ஒன்றும் பேசவில்லை' என்று வாய் வாசித்தது. முதல் கதையில் அந்த டிரைவர் பேசிக்கொண்டே வருவான், தன் மச்சான் வாங்கின ஆட்டைப் பற்றி, ஆட்டுக்கு வந்த சீக்கைப் பற்றி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது, நல்லபடியாகப் பிரசவம் முடிந்து வருகிறார்கள் என்று நினைத்து, புள்ளை மாமியார் வீட்டு வண்டியில வருதாங்க என்று ஒரு தடவை கேட்பான். அந்தக் கேள்வி வந்த இடத்தில் அன்றைக்குக் கடைக்குள் யாரும் அசையவில்லை. அப்புறம் அந்த ஆடு தேவையில்லாத விவரம் என்று யாரோ சொன்னார்கள். ஆடு போனதும் டிரைவரின் வாயும் சேர்ந்து போய்விட்டது.

பூங்காவனம் அவளுடைய கூடத்துக்குத்தான் ரத்தம் கொடுக்க வருவார். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு ஒரு தடவை. கெட்டியான உடம்பு, பேச்சு இன்னும் கெட்டி. ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார், சரியாகக் குத்துகிறாளா என்று மேற்பார்வை பார்க்கிற மாதிரி. "நரம்பு இந்தப் பக்கம் ஓடுதும்மா, அங்க குத்தினா ஒண்ணும் வராது" என்று ஒரு தடவை அவளுக்கே சொல்லிக்கொடுத்தார், அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது. போன மாதம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர், கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்து, குரலைத் தணித்து, "எங்க வீட்டுக்காரரு என்னமோ எழுதறாராமே, நீங்கல்லாம் படிச்சு சரி பண்றீங்களாமே" என்றார். ஆமாங்க என்றாள். "அந்தப் பெரிய புள்ளையப் பத்தியா?" பெரிய பிள்ளை. அப்புறம் பிறந்த மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், அவனை ஊரே மூத்தவன் என்கிறது, இந்தம்மா வாயில் மட்டும் செத்துப் பிறந்ததுதான் பெரிய பிள்ளை. அரசி சும்மா தலையை அசைத்தாள். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இருக்கேனா அதுல?" என்று கேட்டார். இருக்கீங்க, இல்லாமலா, நீங்கதான் கதையே என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அந்தம்மா முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சீக்கிரம் போடச் சொல்லுங்க, இது சரியா இருக்கிறப்பவே பாத்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன வார்த்தைக்காக இப்போது வாசித்துக்கொண்டே தேடினாள். இருக்கிறாரா? மூன்றாம் பக்கத்தில் ஒரு பெண் பின்சீட்டில் சாய்ந்திருக்கிறாள். நாலாம் பக்கத்தில் அவள் விரல்கள் சேலைத் தலைப்பை முறுக்குகின்றன. ஐந்தில் மழையைப் பார்க்கிறாள். யாரோ ஒரு பெண், துக்கத்துக்கு என்று அளவெடுத்துத் தைத்த பெண். ஊசியைப் பார்க்கிறவர், நரம்பைக் காட்டுகிறவர், பெரிய புள்ளை என்கிறவர் இதில் எங்கே? முதல் கதையிலும் அந்தம்மா முழுசாக இல்லைதான், ஆனால் வருவதற்கு வழி இருந்தது. அந்தக் கதையில் பண்ருட்டி நெருங்கும்போது ரோட்டோரம் பலாப்பழம் குவித்துப் போட்டிருக்கிற இடத்தில் புருஷன்காரன் காரை நிறுத்தச் சொல்லுவான். இறங்கிப் போவான். ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்ப்பான், காம்பை முகர்ந்து பார்ப்பான், முள்ளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான், இது வேண்டாம் என்று அடுத்ததற்குப் போவான். பக்கம் பக்கமாகத் தட்டினான் அந்த மனுஷன். பச்சை உடம்புக்காரி, வெறுங்கையோடு வருகிறவள், வெயிலில் காருக்குள் கிடக்க, இவன் பழம் பொறுக்குகிறான். வெண்ணிலாவுக்கு வந்ததே கோபம். "மனுஷனா சார் அவன்?" என்றாள். கரீம் பாய் நாகரிகமாக, அந்தக் கட்டம் கதையோட ஓட்டத்தைத் தடுக்குது என்றார். அரசி என்ன சொன்னாள்? அவள் எல்லாருக்கும் மேலே போய், "வாசகனுக்கு இவன் மேல இருக்கற இரக்கமே போயிடும் சார். கதையே இதால கெடுது. மொத்தமா எடுத்துடுங்க" என்றாள். சொல்லும்போது ஒரு தெளிவு இருந்தது, வைத்தியம் தெரிந்தவளின் தெளிவு. ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கிற மாதிரி இருந்தது. திறந்தாரா, அல்லது அவள் இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறாளா? அப்புறம் குனிந்து ஓரத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் பலாப்பழம் இல்லை. வேரோடு இல்லை, வாசனை கூட இல்லை. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பாராட்டினார்கள், இப்பதான் கதை மூச்சு விடுது என்று. யாராவது ஒருவர் அவரைப் பார்த்து, ஏன் இறங்கினான் அந்த ஆள் என்று கேட்டிருக்கலாம். கேட்க முடியாது. அவர் பதில் சொல்லக் கூடாதே. பதில் சொல்லக் கூடாத ஆளிடம் யார் கேள்வி கேட்பார்கள், அபிப்பிராயம்தான் சொல்வார்கள். இத்தனை வருஷம் இந்த நாற்காலியில் யாரிடமும் யாரும் ஒன்றும் கேட்டதே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆறாம் பக்கம் முடிந்தது. இனி அவளுடைய பக்கம். கடைசிப் பக்கம் முழுக்க அவள்தான். போன தடவை முடிவு சப்பென்று இருக்கிறது என்று எல்லாரும் சொன்னபோது, அவள் அங்கேயே, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முடிவு கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த அந்தப் பெண், தூளி கட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த பழம்புடவைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்து மூடுகிறாள். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. வெண்ணிலா ஆகா என்றாள். கரீம் பாய் எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சோறு வடிக்கும்போதுகூட அரசிக்கு அந்தப் பெட்டி மனசிலே இருந்தது, அட நம்ம கதைக்கு இது தோணாமப் போச்சே என்றுகூட ஒரு ஆதங்கம். இப்போது அதையே தன் வாயால் வாசிக்க வேண்டும். 'புடவைகளின் மடிப்பு கலையாமல்' என்று வந்தது, அது அவள் சொன்ன அதே சொல். 'பெட்டியின் மூடி சத்தமில்லாமல் இறங்கியது.' அதுவும் அவள். ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே பிரதி எடுத்த மாதிரி கொண்டுவந்திருக்கிறார். இதைப் பூங்காவனம் படிப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைக் கிட்டே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பார். எங்கடா நான் என்று தேடுவார். என்னிக்கு நான் புடவை மடிச்சேன், நம்ம ஊர்ல புள்ளை பொறக்கறதுக்கு முந்தி எவ தூளிக்குத் துணி எடுத்து வெப்பா என்று அவருக்குத் தோன்றும். ஆமாம், எவள் வைப்பாள்? பிறக்காத பிள்ளைக்கு ஒரு துணுக்குத் துணிகூட எடுத்து வைக்க மாட்டார்களே, அரசியின் பிரசவத்துக்கே அவள் அம்மா வைக்கவிடவில்லையே. அவளுக்குக் காது சூடாயிற்று. இவ்வளவு பெரிய தப்பை மூன்று பேர் உட்கார்ந்து ஆகா ஊகூ என்று ரசித்திருக்கிறார்கள். தாலி கட்டினவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், அரசிம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. கடைசி வாக்கியத்தை வாய் முடித்தது. அவள் தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. "சார், இப்ப இதுல கை வைக்கறதுக்கு எனக்கு ஒரு இடம்கூட இல்லை. அனுப்பலாம்" என்றாள் வெண்ணிலா. அவள் கண் கலங்கியிருந்தது, கதையில் வேண்டாம் என்பாளே தவிர அவளுக்குச் சட்டென்று கலங்கிவிடும். கரீம் பாய் தாடியைத் தடவினார். "நான் அப்பவே அனுப்பலாம்னு நெனைச்சேன் ஏகாம்பரம். இப்ப ரத்தினமா வந்திருக்கு. அனுப்பலாம். அரசிம்மா, ஒங்க வாயால சொல்லிட்டா இன்னிக்கே தபால்ல போட்டுடலாம், வீட்டுலயும் சீக்கிரம் பாக்கணுமில்ல." ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, சந்தோஷமும் இல்லை. களைப்பாக இருந்தது, நீளமான ரோட்டில் நடந்துவிட்டு, இதுதான் ஊரா என்று கேட்கிறவரின் களைப்பு. அனுப்பலாம் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது, துப்பினால் விழுந்துவிடும். மூன்று பேருக்கும் நிம்மதி, சென்னைக்காரருக்கு நிம்மதி, அந்தம்மாவும் கண் தெரிகிறபோதே படித்துவிடும். இருக்கட்டும் என்றால் என்ன இருக்கும்? நாள்தான் போகும், எழுத்து மங்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பாக இருந்தது. இரண்டும் அபிப்பிராயமாகவே இருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டியதே வேறு.

"சார், அன்னிக்கு ஏன் கார விட்டு எறங்கினீங்க?" என்றாள்.

வெண்ணிலா நிமிர்ந்தாள். கரீம் பாய், "அரசிம்மா, அவரு பேசக் கூடாதுல்ல" என்று மெல்லச் சொன்னார். "பேசட்டும் பாய். நான்தான் கேக்கறேன்." ஏகாம்பரம் கரீம் பாயைப் பார்த்தார், அவர் சரி என்பதுபோல் கையை விரித்தார். தொடைக்கு நடுவில் செருகியிருந்த கைகளை வெளியே எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போக பயமா இருந்துச்சும்மா" என்றார். "தெரு பூரா வாசல்ல நிக்கும். புள்ள எங்க, புள்ள எங்கன்னு கேக்கும். கார் ஊருக்குள்ள நுழையறதுக்குள்ள என்னமாவது பண்ணி நேரத்தைக் கடத்தணும். பழம் கெடந்துச்சு. எறங்கிட்டேன். வாங்கிட்டா போவணுமே, அதான் தட்டிக்கிட்டே இருந்தேன். கடைக்காரன் ஒருமாதிரியா பாக்கறான். எவ்ளோ நேரம்தான் தட்டறது. கார் கதவு தொறக்கற சத்தம் கேட்டுது. திரும்பினா அவ வர்றா. தையல் போட்ட வயிறு, ஒரு கையால புடிச்சிக்கிட்டு மெதுவா வர்றா. எனக்கு ஒதறுது, திட்டுவாளோ அழுவாளோன்னு. வந்து எங்கிட்ட நின்னா. நான் தட்டின பழத்தைத் தட்டிப் பாத்தா. இதுவும் காய்தான், அடுத்ததைப் பாருங்கன்னா." அவர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். "அங்க எல்லாம் பழமாத்தாம்மா இருந்துச்சு. அவளுக்கா தெரியாது. பண்ருட்டியில பொறந்தவ. ரெண்டு பேரும் நின்னு தட்டினோம். இருட்டற வரைக்கும் தட்டினோம். இருட்டினப்பறம் வீட்டுக்குப் போனோம்."

வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். அரசி மடியிலிருந்த தாள்களைப் புரட்டினாள். "இது உங்க கதையில வரவே இல்லையே சார். மொதல்ல எழுதினதுலகூட இல்லையே. அவரு மட்டும்தானே தட்டுவாரு."

"மொதல்ல அவ்ளோதூரம்தான் எழுத முடிஞ்சுது. மீதிய அடுத்த மாசம் எழுதிடலாம்னு இருந்தேன்." ஏகாம்பரம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். "நான் தட்டினதையே எடுத்துடச் சொல்லிட்டீங்க. அப்பறம் அவ தட்டினதை எங்க கொண்டாந்து வெக்கறது?"

அழுதுவிடுவோமோ என்று அரசிக்கே பயமாக இருந்தது. அழவில்லை. "இருக்கட்டும்" என்றாள். அந்த வார்த்தை இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. கரீம் பாய் பதறிப்போய், "இருக்கட்டும்னா எப்படிம்மா, இனி எப்ப எழுதி, எப்ப அச்சாகி, அவங்க கண்ணு..." என்று பாதியில் விட்டார்.

ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து இறங்கியிருந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது, யாரோ கூப்பிட்ட குரல் காதில் விழுந்தவர் மாதிரி. "கண்ணு எதுக்கு பாய், காது நல்லாத்தானே இருக்குது அவளுக்கு" என்றார். "இங்க ஒங்ககிட்ட சொல்லிட்டேனே இப்ப. அவகிட்ட சொல்ல வராமலா போயிடும்?" ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனவர், ஒரு தடவை நின்று, வீட்டுக்குப் போற பண்ருட்டி பஸ் நிக்குதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ரோட்டைக் கடந்தார். வேகமாகத்தான் நடந்தார். சுத்தமாகப் பிரதியெடுத்த ஏழு பக்கமும் அரசியின் மடியிலேயே இருந்தது. அவர் கேட்கவும் இல்லை, அவள் கூப்பிட்டுக் கொடுக்கவும் இல்லை.